நிறுவினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சும்மா கிடக்கும் கணினியை அறிவியல் ஆய்வுக்குக் கொடுத்து உதவுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை தொடர்பாகச் சில விவரங்கள். முதலில் ஒரு திருத்தம்: கட்டுரை குறிப்பிடும் செட்டி அட் ஹோம் (SETI@home, வேற்றுலக அறிவின் சமிக்ஞைகளைத் தேடியது) திட்டம் 2020 மார்ச் 31 முதல் புதிய வேலை எதையும் அனுப்புவதில்லை. இப்போது சேர விரும்புவோர் ஐன்ஸ்டைன் அட் ஹோம் (விண்மீன்களிலிருந்து வரும் சமிக்ஞைகளை ஆராய்வது) போன்ற திட்டங்களைப் பார்க்கலாம்.

ஆனால் எழுத வந்த காரணம் வேறு. இத்திட்டங்களின் வேலையை நம் கணினியில் வாங்கி ஓட்டும் பாயிங்க் (BOINC) மென்பொருளை நிறுவிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிற தொனி கட்டுரையில் இருக்கிறது. நாள் முழுக்க ஓடும் கணினிக்கு அது ஓரளவு பொருந்தும். மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் ஓடி, நடுவில் மின்சாரமும் போய்வரும் வீட்டுக் கணினிக்குப் பொருந்தாது.

திட்டம் பிரித்துத் தரும் 'வொர்க் யூனிட்' என்பது ஒரு கணக்கு. விடையைச் சரிபார்ப்பதற்காகப் பல திட்டங்கள் அதே கணக்கை இரண்டு பேருக்கு அனுப்புகின்றன. நம் கணினிக்கு வருவது அதன் ஒரு பிரதி. அதைத்தான் டாஸ்க் என்கிறோம். பெயரின் கடைசியில் _0, _1 என்று இருப்பது பிரதியின் எண். இரு விடைகளும் ஒத்துப்போனால் ஏற்பு, இல்லையென்றால் _2 மூன்றாமவருக்குப் போகும். இதில் ஒருவர் கெடுவுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால், மற்றவர் முதல் நாளே முடித்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். பொதுவாகக் கெடு தாண்டிய பிறகே சர்வர் புதிய பிரதியை அனுப்பும். ஐன்ஸ்டைனில் அந்தக் கெடு வழக்கமாக 14 நாள். ஆகவே முடிக்க முடியாது என்று தெரிந்தால் டாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'அபார்ட்' (கைவிடு) கொடுத்துவிடுவதே மேல். அந்தத் தகவல் சர்வருக்குப் போனதும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கெடுதல்.

கெடு தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம், வேலையை அளவுக்கு மேல் வாங்கி வைப்பது. பாயிங்கின் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' (அமைப்புகள்) பகுதியில் எத்தனை நாளுக்கான வேலையைச் சேமிக்கலாம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இயல்பாக முதல் கட்டத்தில் 0.1 நாள், அதற்கு மேல் கூடுதலாக வாங்குவதற்கான இரண்டாவதில் 0.5 நாள் என்று இருக்கும். ஒவ்வொன்றையும் 10 வரை ஏற்றலாம் என்பதால் சிலர் ஏற்றியும் விடுகிறார்கள். புதிதாக நிறுவிய பாயிங்கிற்கு உங்கள் கணினி ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரியாது. 24 மணி நேரமும் ஓடும் என்று எண்ணியே வேலை கேட்கும். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் அது காட்டும் மீதி நேரமும் தொடக்கத்தில் நம்பத்தக்கதல்ல. சில டாஸ்க்குகள் முடிந்த பிறகுதான் மதிப்பீடு நிலைக்கு வரும். இணையம் நாள் கணக்கில் அறுந்துபோகும் இடமாக இல்லாவிட்டால் அந்த எண்களைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது செக்பாயின்ட், அதாவது கணக்கு எதுவரை வந்தது என்று இடையிடையே வட்டில் பதிந்துவைப்பது. மின்சாரம் போனால் கணக்கு கடைசியாகப் பதிவான இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்கும். '60 விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் பதிய வேண்டாம்' என்ற அமைப்பைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிட உழைப்புதான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு அடிக்கடி பதியலாம் என்பதற்கான உச்சவரம்பு மட்டுமே அது. எப்போது பதிவது என்பதைத் திட்டத்தின் நிரல்தான் முடிவு செய்கிறது. சில நிரல்கள் நீண்ட நேரம் பதிவதே இல்லை. டாஸ்க்கின் 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் கடைசிச் செக்பாயின்டுக்குப் பின் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கணினியை நாம் பயன்படுத்தும்போது கணக்கை நிறுத்து என்ற அமைப்பு இருந்து, 'நிறுத்திய டாஸ்க்கை நினைவகத்தில் வைத்திரு' என்பது தேர்வாகாமல் இருந்தால், நாம் மவுஸைத் தொடும்போதெல்லாம் டாஸ்க் நினைவகத்திலிருந்து வெளியேறிப் பழைய செக்பாயின்டுக்குத் திரும்பும். நாள் முழுக்க ஓடியும் சதவீதம் நகரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். ரேம் இடம் கொடுத்தால் அந்தக் கட்டத்தில் டிக் செய்துவிடலாம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் 'வெயிட்டிங் ஃபார் மெமரி' என்று வந்தால் ஒரே நேரத்தில் ஓடும் டாஸ்க்குகளைக் குறைப்பதுதான் வழி.

வெப்பத்துக்கும் அதே வழிதான். மடிக்கணினியில் இரண்டு சதவீத அமைப்புகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'சிபியு நேரம்' 50% என்று வைத்தால் கணக்கு சிறு சிறு இடைவெளியில் நின்று நின்று ஓடும். மின்விசிறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 'சிபியுக்களின் எண்ணிக்கை' 50% என்றால் எட்டு த்ரெட் உள்ள (ஒரே நேரத்தில் எட்டுக் கணக்கு ஓட்டக்கூடிய) கணினியில் நான்கு மட்டும் சீராக ஓடும். கோடையில் இதுதான் நல்லது. 'பேட்டரியில் இயங்கும்போது நிறுத்து' என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மின் கட்டணத்தைக் கட்டுரை தொடவே இல்லை. கணக்குப் போடுவதால் கூடுதலாக 50 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட், 60 நாளில் 72 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு முறையில் பில் வரும் வீட்டுக்கு இது சின்னத் தொகையல்ல. மாணவர்களைச் சேரச் சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது.

திட்டத்தின் இணையதளத்தில் அமைப்பை மாற்றியும் கணினியில் எதுவும் மாறவில்லை என்ற புகாருக்கு விடை எளிது. பாயிங்க் சாளரத்திலேயே ஒருமுறை எதையாவது மாற்றிச் சேமித்திருந்தால், அந்தக் கணினியில் அதுதான் செல்லும். 'யூஸ் வெப் பிரிஃப்ஸ்' அழுத்தினால் இணையதள அமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வரும்.

கடைசியாக, விலகும் முறை. தேர்வு வருகிறது, கணினியை விற்கிறோம் என்றால் மென்பொருளை அப்படியே அழித்துவிடாதீர்கள். 'புராஜெக்ட்ஸ்' பகுதியில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' கொடுத்து, கையில் உள்ளதை முடிக்க விடுங்கள். நேரமில்லையென்றால் அபார்ட் செய்யுங்கள். 'ரெடி டு ரிப்போர்ட்' என்று நிற்பவை போய்ச்சேர 'அப்டேட்' அழுத்துங்கள். பட்டியல் காலியான பிறகு 'ரிமூவ்'.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை