செப்டெம்பரை விட்டுவிடாதீர்கள்: ரொறன்ரோ பெரும்பாகத்து ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகசபை உறுப்பினர்களுக்கு,

யூலை ஞாயிறுகளில் மோர்ணிங்சைட் பூங்காவுக்குள் வாகனம் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மரத்தடியில் ஓர் ஊரின் பதாதை, அடுத்த மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பதாதை. இந்தப் பக்கத்து ஒலிபெருக்கி தேசிக்காய் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஓகஸ்ட் நடுப்பகுதியோடு இதெல்லாம் அடங்கிவிடும். பிறகு மண்டபம், கலைவிழா, இராப்போசனம். இடையில் கிடக்கும் ஐந்து வாரத்தை, அதாவது ஓகஸ்ட் கடைசி வாரம் தொடங்கிச் செப்டெம்பர் முடியும்வரை, சங்கங்கள் அநேகமாகத் தொடுவதேயில்லை. ஒன்ராறியோவில் வெளியில் இருப்பதற்கு அதைவிட நல்ல ஐந்து வாரம் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ஒன்றுகூடலை நிறுத்தச் சொல்லவில்லை. செப்டெம்பரில் சின்னப் பயணம் ஒன்றையும் ஆண்டுத் திட்டத்தில் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். யூலை நடுப்பகலில் 27 பாகை வெயிலும் புழுக்கமும். முதியவர்கள் கதிரையை நிழலுக்கு நிழல் நகர்த்தியே களைத்துப் போகிறார்கள். செப்டெம்பரில் பகல் 21, 22 பாகைதான். பூங்கா வெறிச்சென்றிருக்கும். ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் 25 பேருக்கு மேல் கூடினால் அனுமதிப் பத்திரம் தேவை என்பது அப்போதும் பொருந்தும். ஆனால் நல்ல இடத்துக்கு யனவரியிலிருந்தே வரிசையில் நிற்கத் தேவையில்லை. பூங்காக் கழிப்பறைகளும் பொதுவாக ஒக்டோபர் முற்பகுதி வரை திறந்திருக்கும். போகுமுன் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

ஏரியில் குளிப்பதை மட்டும் பின்போட வேண்டாம். யூனில் ஒன்ராறியோ ஏரி பல் கிட்டும் குளிர். ஓகஸ்டில்தான் அது சூடேறி முடிகிறது. செப்டெம்பர் முதல் வாரங்களிலும் அந்தச் சூடு மிச்சம் இருக்கும், ஆனால் தொழிலாளர் தினத்தோடு (இங்கே அது செப்டெம்பர் முதல் திங்கள்) பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர்கள் விலகிவிடுவார்கள். ஆகவே பிள்ளைகள் நீந்துகிற பயணம் என்றால் அது ஓகஸ்ட் கடைசி வாரத்துக்குள் முடிய வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேற்குக் காற்று இரண்டு நாள் பலமாக வீசினால் மேலேயுள்ள சூடான நீர் வடகரையை விட்டு நடு ஏரிக்குத் தள்ளப்பட்டு, அடியிலுள்ள குளிர்நீர் மேலே ஏறிவிடும். நேற்று 20 பாகை இருந்த தண்ணீர் இன்று 10 பாகையில் நிற்கும். வெயிலைப் பார்த்து ஏமாறி ஓடிப் பாய்கிறவருக்கு மூச்சடைக்கும். முதலில் முழங்கால்வரை இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். பெருமழை பெய்து 48 மணித்தியாலம் கழியுமுன் எந்தக் கரையிலும் குளிக்க வேண்டாம், ஏனென்றால் நகரத்து வடிகால் முழுவதும் ஏரிக்குள்தான் வருகிறது. 100 மில்லிலீற்றர் நீரில் 100 ஈ.கோலை பக்டீரியாவுக்கு மேல் இருந்தால் ரொறன்ரோ எச்சரிக்கை போடும். ஸ்காபரோவில் புளஃபேர்ஸ் பூங்காக் கரையின் நீர் நல்ல பெயர் எடுத்தது. நல்ல வெயில் நாளில் அங்கே வாகனத் தரிப்பிடம் மட்டும் காலையிலேயே நிரம்பிவிடும்.

கண்காட்சித் திடலின் சீ.என்.ஈ.யை, அதாவது கனேடியத் தேசியக் கண்காட்சியை, எல்லாரும் அறிவீர்கள். 1879இல் தொடங்கியது, தொழிலாளர் தினத்தோடு முடிவது. அதற்குச் சங்கம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, குடும்பங்கள் தாமாகவே போய் வருகின்றன. சங்கமாகப் போய்ப் பார்க்கத்தக்கவை வேறு. அவற்றுக்கு நுழைவுச்சீட்டும் இல்லை.

முதலாவது பருந்து. கிங்ஸ்டன் வீதியில், ஏரிச் செங்குத்தின் விளிம்பில் இருக்கும் ரோசெற்றா மக்லெயின் தோட்டம் முதியோருக்கென்றே வாய்த்த இடம். பாதை சமதளம், சக்கர நாற்காலி தடங்கலின்றிப் போகும், வாங்குகள் நிறைய. செப்டெம்பர் 10 முதல் 20 வரையான நாட்களில், குளிர்காற்று ஒன்று கடந்துபோன மறுநாள், வடமேற்குக் காற்று வீசும்போது அங்கே அண்ணாந்து பாருங்கள். அகன்ற இறக்கைப் பருந்துகள் ஐம்பது, நூறு என்று ஒரே சுழலில் ஏறும், ஒரு நல்ல நாளில் ஆயிரத்தையும் தாண்டும். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில்தான் அவை சிறகடிக்காமல் உயர முடியும். ஏரிக்கு மேல் அந்தக் காற்று எழாது. அதனால் ஏரியைக் கடக்காமல் கரையோடு ஒட்டி மேற்கே போய், சுற்றி வளைத்துத் தென்னமெரிக்காவுக்கு இறங்குகின்றன.

இதில் வழக்கமாகப் பிழைவிடுவது இரண்டு இடத்தில். காலை எட்டு மணிக்கே போய் ஒன்றையும் காணாமல் திரும்புவார்கள். தரை சூடேறப் பத்து மணியாகும், பதினொன்று தொடங்கி இரண்டுவரை நல்ல நேரம். மற்றது, மேகமே இல்லாத நீல வானத்தை நல்ல நாள் என்று நம்புவது. அந்த நீலத்தில் உயரப் பறக்கும் பருந்து கண்ணுக்குத் தட்டுப்படாது, வெள்ளைப் பஞ்சு மேகம் இருந்தால் அதன்மேல் மிளகு தூவியதுபோல் தெரியும். 8x42 அளவுத் தொலைநோக்கி இரண்டு மூன்று இருந்தால் இருபது பேருக்குப் போதும். மாலைவரை தங்கினால் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மரங்களில் அடைவதையும் காணலாம். மூடிய சிறகோடு காய்ந்த இலைபோலத் தொங்கும். வெயில் பட்டதும் அந்தக் கிளையே செம்மஞ்சளாகத் திறக்கும். இவை மெக்சிக்கோவின் மலைக்காடுகளுக்குப் போகிற தலைமுறை. கோடையில் பிறந்த மொனார்க் சில வாரமே வாழும், இது ஏழெட்டு மாதம் வாழும். இதன் புழு தின்னும் செடி எங்கள் ஊர் எருக்கலையின் உறவு. இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால். இந்த ஒன்றைச் சொன்னாலே அம்மம்மாமார் பேரப்பிள்ளைகளுக்கு மிச்சத்தைத் தாங்களே விளக்குவார்கள்.

இரண்டாவது சால்மன். நீங்கள் யூலையில் கயிறிழுக்கும் அதே மோர்ணிங்சைட் பூங்காவுக்குள்தான் ஹைலண்ட் சிற்றாறு ஓடுகிறது. செப்டெம்பர் பிற்பகுதியில் பத்துக் கிலோ வரை நிறையுள்ள சினூக் சால்மன் ஏரியிலிருந்து அதில் ஏறி வரும். கணுக்கால் ஆழத் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய அது மேலேறுவதைப் பார்க்கப் பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். பெண்மீன் வாலால் கல்லை அடித்து விலக்கிக் குழி தோண்டும், முட்டையிட்டதும் சில நாட்களில் செத்துப்போகும். கரையில் மணக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இந்த ஏரிக்கு உரித்தான அத்திலாந்திக் சால்மன் அணைகளாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே அற்றுப்போயிற்று. சினூக் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. குடிபெயர்ந்து வந்து வேர்விட்டது என்றும் சொல்லலாம்.

மழை பெய்து ஓரிரு நாளில், கலங்கல் தெளியும் நேரத்தில் போக வேண்டும். ஆற்றில் நீர் உயர்ந்து குளிர்ந்தால்தான் மீன் ஏரியை விட்டு வரும், காய்ந்த வாரத்தில் போனால் வெறும் கல்தான். பாலத்தில் நின்று பாருங்கள். சூரியன் உச்சியில் இருக்கும்போது, ஒளித்தெறிப்பை மறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடி போட்டால் அடிவரை தெரியும். ஆற்றுக்குள் காலை வைக்க விடாதீர்கள், ஒரு பிள்ளையின் சப்பாத்து ஒரு குழி முட்டையையே நசுக்கும். கையால் பிடிப்பதும், தூண்டிலை உடம்பில் கொழுவி இழுப்பதும் சட்டவிரோதம். துள்ளிப் பாய்வதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றின் கோர்பெற் அணைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். அங்கே ஓகஸ்ட் கடைசியிலேயே மீன் வரத் தொடங்கிவிடும்.

இனிச் சாப்பாடு. செப்டெம்பர்ப் பயணத்துக்கு ஆட்டிறைச்சியும் கொத்தும் வேண்டாம், சோளன் போதும் என்றால் கோபிப்பீர்களோ தெரியாது. பரவாயில்லை, கேளுங்கள். 60 பேருக்கு எட்டு டசின் பொத்தி. அன்று காலை முறித்ததாக இருக்க வேண்டும். முறித்த கணமே சீனி மாவாக மாறத் தொடங்கும், வாகனத்தின் பின்பெட்டிச் சூட்டில் இன்னும் வேகமாக. மடல் பச்சையாக ஈரமாக, குஞ்சம் மண்ணிறமாகப் பிசுபிசுப்பாக இருப்பதைப் பாருங்கள். கடையில் உரித்துப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள், அடுத்தவருக்கு அது காய்ந்த பொத்தி. அவிப்பதென்றால் நன்றாகக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம். முப்பது பொத்தியை ஒன்றாகக் கொட்டினால் கொதி நின்றுபோய் அரை மணி நேரம் ஊறிச் சப்பென்றாகும். பத்துப் பத்தாகப் போடுங்கள். சுடுவதென்றால் மடலோடு அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, தணலில் இருபது நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட்டு, பிறகு உரித்து நேர் தணலில் இரண்டு நிமிடம். ஊறவிடாவிட்டால் மடல் பற்றி எரியும், மணி வேகாது. தேசிக்காய்ப் பாதியை உப்பிலும் தூளிலும் தோய்த்துத் தேய்க்க வேறொன்றும் தேவையில்லை.

நயாகரா பீச் பழமும் அப்போது உச்சத்தில் இருக்கும். ஓகஸ்ட் தொடங்கி வருவது சதை கொட்டையை விடும் இனம், கத்தியில்லாமலே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். கல்லாக இருக்கும்போது குளிர்ப்பெட்டியில் வைத்தால் உள்ளே மாப்போலாகிவிடும். பத்திரிகைத் தாளில் பரப்பி, காம்புப் பக்கம் கீழிருக்க இரண்டு நாள் வெளியில் வையுங்கள். அப்பிள் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த வாரமே போனால் சனம் குறைவு, ஆனால் முன்பருவ இனங்கள் மட்டும்தான் இருக்கும். மக்கின்ரொஷ் செப்டெம்பர் நடுவில். அது 1811இல் ஒன்ராறியோவின் டண்டெலாவில் கண்டெடுத்த இனம், எங்கள் மாகாணத்துப் பிள்ளை. பறிக்கும்போது இழுக்காதீர்கள், மேலே தூக்கித் திருகினால் கையோடு வரும். இழுத்தால் அடுத்த ஆண்டுப் பூ விடும் சிறு கிளையும் சேர்ந்து முறியும்.

தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். செப்டெம்பரில் மஞ்சள் குளவி. கோடையில் வேலைக்காரக் குளவிகள் பூச்சி பிடித்துக் கூட்டிலுள்ள குடம்பிகளுக்குக் கொடுக்கும், குடம்பிகள் பதிலுக்கு இனிப்பு நீர் சுரக்கும். ஓகஸ்ட் கடைசியில் குடம்பிகள் குறைய அந்த இனிப்பும் நிற்கும், குளவி உங்கள் சோடாவைத் தேடி வரும். தகரப் பேணிச் சோடா கொண்டுவரவே வேண்டாம். உள்ளே குளவி இருப்பது தெரியாமல் குடித்துத் தொண்டையில் கொட்டு வாங்கினால் 911தான். மூடிபோட்ட குவளையும் உறிஞ்சியும் போதும். வத்தகப்பழத்தைப் பரிமாறும் நேரத்தில் வெட்டுங்கள். குப்பைப் பையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து இருபது அடியாவது தள்ளி, வாய் கட்டி வையுங்கள்.

ரூஜ் தேசிய நகரப் பூங்காப் பக்கம் நடக்கிறவர்கள் காற்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள், அங்கே கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. இரவு வீட்டில் முழங்காலின் பின்புறம், அக்குள், பிள்ளைகளின் தலைமயிர் ஓரம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்புக் குச்சியும் எண்ணெயும் வேண்டாம். தும்மல்காரர் மஞ்சள் பூவைக் குறைசொல்வார்கள். அது கோல்டன்ரொட், பாவம், அதன் மகரந்தம் காற்றில் பறக்காது. பக்கத்தில் பச்சையாய்க் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ராக்வீட்தான் குற்றவாளி. மருந்தைப் பயணத்துக்கு முதல் நாளே தொடங்கச் சொல்லுங்கள்.

போக்குவரத்து: பள்ளிக்கூட பஸ் வார நாளில் காலை, பிற்பகல் ஓட்டத்துக்கு நடுவே சும்மா நிற்கும். ஒன்பதரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் முதியோர் பயணம் வைக்கக் கேட்டுப் பாருங்கள். 72 இருக்கை என்பது பிள்ளைக் கணக்கு, பெரியவர் 48 பேர்தான். கழிப்பறை இல்லை, படி உயரம். ஏறிநிற்க ஒரு சின்ன முக்காலி கொண்டுபோனால் முழங்கால் நோவுக்காரர் உங்களை வாழ்த்துவர்.

திட்டமிடுவதில் உங்கள் வழக்கத்தை ஒன்று மாற்ற வேண்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு திகதியை அச்சடித்தால் பருந்தும் மீனும் ஒத்துவராது, இரண்டும் காற்றையும் மழையையும் பார்த்தே வருபவை. செப்டெம்பரில் இரண்டு சனிக்கிழமைகளைக் குறித்து வைத்து, எது என்பதை வியாழன் இரவு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். யூன் கடைசியில் ஒன்பது மணிக்கு மறைந்த சூரியன் தொழிலாளர் தினமளவில் 7.45க்கும், செப்டெம்பர் 22 அளவில் 7.15க்கும் மறையும். காலையும் மாலையும் சேர்த்துப் பகல் நாளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் குறைகிறது. ஆறரைக்குப் பாத்திரம் கழுவத் தொடங்காவிட்டால் கைப்பேசி வெளிச்சத்தில் கரண்டி தேட நேரும். மேலங்கி ஒன்று கொண்டு வரவும் என்று ஒரு வரி போடுங்கள். பருந்து நாளுக்கு மட்டும் அறிவித்தலில் காலை 9.30 என்று எழுதுங்கள். அப்போதுதான் பதினொன்றுக்குள் எல்லாரும் வந்து சேர்வார்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து,
இந்தப் பாதைகளையும் கரைகளையும் அறிந்த சிலர்