ஜெஸ்ஸியைக் காப்பாற்றியது வேலைநிறுத்தம் அல்ல

ஆசிரியருக்கு,

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம்தான், போதைப்பொருள் தயாரிக்கும் வேதியியல் ஆசிரியர் வால்ட்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியைச் சாகவிடாமல் தடுத்தது என்கிறது. பலரும் நம்பும் தகவல், ஆனால் சரியல்ல. 2007 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் முதல் சீசன் 9 அத்தியாயங்களிலிருந்து 7 ஆகக் குறைந்தது உண்மை. அந்த சீசன் முடிவில் ஜெஸ்ஸியைக் கொன்றுவிட, தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் நினைத்திருந்ததும் உண்மை. ஆனால் இரண்டாவது அத்தியாயத்திலேயே ஜெஸ்ஸியாக நடித்த ஆரோன் பாலின் திறமை தெரிந்துவிட்டது, அந்தப் பாத்திரத்தைக் கொல்வது பெரும் தவறு என்று புரிந்தது என கில்லிகனே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை நடிகருக்கே சேர வேண்டும்.

கால்ஷீட் சிக்கலால் நிஜமாகவே பிறந்த பாத்திரம் மைக். இரண்டாம் சீசனின் கடைசி அத்தியாயத்தில், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்து கிடக்கும் வீட்டுக்கு வக்கீல் சால்தான் வருவதாக இருந்தது. சாலாக நடித்த பாப் ஓடன்கர்க் அப்போது 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடருக்கும் தேதி கொடுத்திருந்ததால், சாலின் ஆள் மைக்காக ஜோனதன் பேங்க்ஸ் வந்தார். வீட்டில் இருக்கும் போதைப்பொருள் தடயங்களை அகற்றுகிறார். போலீஸிடம் சொல்ல வேண்டியதை ஜெஸ்ஸியைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைக்கிறார். முகத்தில் சலனமே இல்லை. இதையே வாயாடி வக்கீல் செய்திருந்தால் காட்சியின் கனம் போயிருக்கும். அன்று போட்ட மாற்று ஏற்பாடு, 2015-இல் தொடங்கிய, சாலின் முன்கதையைச் சொல்லும் 'பெட்டர் கால் சால்' தொடர் முழுக்க நீண்டது.

வால்ட்டராக நடித்த பிரையன் கிரான்ஸ்டன், தொடரை ஒளிபரப்பிய ஏஎம்சி சேனலின் முதல் தேர்வு என்று கட்டுரை சொல்வதும் பிழை. 'மால்கம் இன் த மிடில்' காமெடி அப்பாவாகவே அவரை அறிந்திருந்த ஏஎம்சி நிர்வாகிகள் தயங்கினார்கள். 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்குத் தான் எழுதி, அவர் நடித்து 1998-இல் வெளியான 'டிரைவ்' அத்தியாயத்தை கில்லிகன் போட்டுக் காட்டினார். வெறுக்கத்தக்க ஒருவன் மீது இரக்கம் வரவைக்கும் வேடம் அது. வால்ட்டருக்கும் அதே திறமைதான் தேவை.

பாலைவனத்தின் வெறுமைக்காக, கதை நடக்கும் ஊராக நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியைத் தேர்ந்தார்கள் என்று கட்டுரை சொல்வதும் அழகான கற்பனை. எழுதும்போது கதை நடந்தது கலிபோர்னியாவின் ரிவர்சைடில். நியூ மெக்சிகோ மாநிலம் படப்பிடிப்புச் செலவில் 25 சதவீதத்தைத் திருப்பித் தந்ததால் அங்கே போனார்கள். ரிவர்சைடு என்றே காட்டியிருக்கலாம். ஆனால் கிழக்கே கேமராவைத் திருப்பினால் சாண்டியா மலை தெரிந்துவிடும். ஒவ்வொரு ஷாட்டிலும் மலையை மறைப்பதைவிடக் கதையையே ஊர் மாற்றுவது சுலபமாக இருந்தது.

இம்மூன்று பிழைகளுக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், சேலம்