வீட்டில் பராமரிப்பவரின் சொல்லும் மருத்துவக் குறிப்பே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மறதிநோயாளிகளையும் பக்கவாதத்தால் படுக்கையில் இருப்போரையும் வீட்டில் பராமரிக்கும் உறவினர்களை, மருத்துவர்களும் செவிலியர்களும் பல நேரங்களில் வெறும் துணைக்கு வந்தவர்களாகவே நடத்துகிறார்கள். அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பேசவே இயலாத நோயாளியிடம் கேள்வி கேட்பதால் என்ன பயன் என்று தெரியவில்லை.

மறதிநோய் உள்ள முதியவர் ஒருவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பி, பகலெல்லாம் தூங்கி வழிந்து, இரவில் பிதற்றத் தொடங்கினால், நோய் முற்றிவிட்டது என்று ஒதுக்கிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, நீரிழப்போ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம், உரிய சிகிச்சையால் அந்தக் குழப்பம் தெளியவும் கூடும். ஆனால், முந்தைய வாரம் அவர் எப்படி இருந்தார் என்பது உடனிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். "வழக்கமாக இப்படி இருக்க மாட்டார்" என்று அவர் சொல்வது நோய்க்குறிப்பேட்டில் ஏற வேண்டும். குடும்பத்தாரும் தாங்களாகக் கொடுக்கும் கைமருந்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது வேறு விஷயம்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுப்பதோடு நிறுத்தாமல், படுக்கைப்புண் வராதபடி புரட்டிப் படுக்கவைப்பது, விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது ஆகியவற்றைச் செவிலியர் முன்னிலையில் உறவினரையே ஒருமுறை செய்யவைத்துப் பார்க்க வேண்டும். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் முகவுரையே, குடும்பத்தினருக்கும் பாதுகாப்பும் உதவியும் கிடைக்க வேண்டும் என்கிறது. ஐயம் எழும்போது அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணையும், பொறுப்பான ஒருவரின் பெயரையும் எழுதித் தருவதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்