பாப்பாவின் முடியை நீட்டிவிடாதே, அம்மா

பெக்கம், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் ஆச்சியும் நலம்தானே? உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பாப்பாவின் சுருட்டை முடியைப் பார்லரில் நீட்டிவிடச் சொல்கிறாள் பெரியம்மா என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. வேண்டாம் அம்மா.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். குளிர்தான் அதிகம். ராத்திரி ஹீட்டர் போடுவதில்லை, கம்பளியே போதும். சனிக்கிழமையும் வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன், வீட்டில் சும்மா இருந்தால் பொழுது போகாது. தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீர், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். வந்த புதிதில் என் தலை தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

மாடி வீட்டு ஜமைக்காப் பாட்டியைப் பற்றிப் போனில் சொன்னேனே, அவர்தான் படிக்கட்டில் என் தலையைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேலே வா என்றார். அன்றிலிருந்து ஞாயிறு மதியம் அவருடைய அடுப்படியில்தான். கீழ் வீட்டு நைஜீரியப் பெண் வருவாள், என்னோடு வேலை பார்க்கும் சோமாலியாக்காரி வருவாள். எல்லோருக்கும் சுருட்டைதான், ஆனால் ஒருத்தி முடி போல இன்னொருத்திக்கு இல்லை. தனக்கு எது ஒத்துக்கொண்டது, எது கெடுத்தது என்று ஒளிக்காமல் சொல்வார்கள். பாட்டி தேங்காய்ப்பாலில் அரிசியும் ராஜ்மாவும் சேர்த்து வேகவைத்துத் தருவார். நம் வீட்டு தேங்காய்ச் சோற்றுக்குக் கிட்டத்தட்ட வரும்.

இவர்களுக்கு முடி என்பது அழகு விஷயம் மட்டும் இல்லை. 1956இல் டிரினிடாட்டைச் சேர்ந்த வினிஃப்ரெட் அட்வெல் என்ற பியானோக் கலைஞர் இங்கே லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில் கறுப்பினப் பெண்களுக்காகச் சலூன் திறந்தார். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்களின் முடியைக் கையாளத் தெரிந்த கடையே அபூர்வம். அதனால் அடுப்படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பின்னிவிட்டுக்கொண்டார்களாம். பாட்டியின் பேத்தியை ஒரு பள்ளியில் முடி ரொம்பப் பெரிதாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆஃப்ரோ என்கிற, கறுப்பினத்தவரின் இயற்கையான அடர் சுருட்டை முடிக்காகப் பிள்ளைகளைத் தடுப்பது சட்டவிரோதமாகலாம் என்று பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்த பிறகுதான் பாட்டிக்குக் கொஞ்சம் நிம்மதி.

இனி வருவதைப் பாப்பாவிடம் படித்துக் காட்டு. சுருள் முடியில் தலையின் எண்ணெய்ப்பசை நுனி வரை எளிதில் இறங்காது, அதனால்தான் காய்ந்து போகிறது. அவள் முடியில் ஒரு குறையும் இல்லை. காய்ந்த தலையில் சீப்பு வைக்கக்கூடாது. ஈரத்தில், கண்டிஷனர் தடவி, விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்கட்டும். ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் கஞ்சி மாதிரி வரும், அதை ஈரத்தோடு தடவினால் சுருள் கலையாது. பீரோவின் கீழ்த்தட்டில் என் சாட்டின் பாவாடை இருக்கும், வெட்டித் தலையணைக்கு உறை தைத்துக் கொடு. பருத்தி உறை முடியைப் பிடித்து இழுக்கும்.

நீட்டினாலும் பிரயோஜனமில்லை அம்மா. வேரிலிருந்து மறுபடி சுருட்டையாகத்தான் வளரும். சில நீட்டும் மருந்துகளைச் சூடுபடுத்தினால் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வரும், கண்ணும் மூக்கும் எரியும். அந்தச் செலவுக்கு அவளுக்கு ஒரு நல்ல புடவை எடுக்கலாம்.

போன ஞாயிறு பாட்டி என் தலையை வகிடெடுத்து எண்ணெய் வைத்தார். அவர் விரல் பட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முற்றத்தில் உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்ப்பாயே, சீயக்காய் கண்ணில் பட்டு நான் கத்துவேனே. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது அம்மா. லீவு கிடைத்ததும் வருகிறேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளித்தான் வரும், ஒன்றும் கவலைப்படாதே. சீட்டுக்கார அக்காவிடம் சொல்லிவை. ஓடு மாற்றுவதைப் பங்குனிக்குள் முடித்துவிடு, சித்தப்பா சொன்ன கொத்தனார் வேண்டாம். அப்பாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளாதே. மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டால், கல்லூரி விழாவில் பாப்பா முடியை விரித்துவிட்டு எடுத்ததையே அனுப்பு. பெரியம்மாவிடம் நானே ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன்.

உன் அன்பு மகள்