எச்சரிக்கையோடு விளைவையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், தேவனாம்பட்டினத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ‘கடலுக்குச் செல்ல வேண்டாம், தாழ்வான பகுதியில் இருப்போர் முகாமுக்குச் செல்லவும்’ என்று அறிவித்துக்கொண்டே போகிறார்கள். செல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அதில் இருப்பதில்லை.

விளைவுகளைத் தானே பட்டறிந்து உருவாகும் நடத்தையையும், ‘இதைச் செய்தால் இது நடக்கும்’ என்று பிறர் சொன்ன விதியைக் கேட்டு உருவாகும் நடத்தையையும் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1966-இல் வேறுபடுத்திக் காட்டினார். புயல் எச்சரிக்கையும் அத்தகைய விதிதான். மூழ்கிப் பார்க்காமலே ஆழத்துக்கு அஞ்சக் கற்பது விதியால் வரும் பெரும்பயன். ஆனால், சொன்னவரின் முந்தைய சொல் பலித்ததா என்பதையும் பொறுத்தே விதி மதிக்கப்படுகிறது. கூண்டு ஏற்றியும் புயல் வேறு கரைக்குத் திரும்பிவிட்டால், ‘இவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள்’ என்ற எதிர்விதி வீடுகளில் பிறந்துவிடுகிறது; மனத்தில் பதிந்த விதி, நிலைமை மாறிய பிறகும் மனிதரை எளிதில் விடுவதில்லை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எனக்கு அச்சம் தருவது இதுதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயல், இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வெறும் செவிவழிச் செய்தி; பட்டறிவு இல்லாத அவர்களுக்கு எச்சரிக்கைச் சொல் ஒன்றே துணை.

ஆகவே, ‘இன்றிரவு தண்ணீர் இந்தத் தெரு வரை வரலாம், முகாமில் உணவும் மருந்தும் உண்டு’ என்று நிலைமையையும் விளைவையும் சேர்த்து அறிவிக்கவும், புயல் திசைமாறினால் மறுநாளே அதன் காரணத்தை அதே ஒலிபெருக்கியில் சொல்லவும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.