ஆழ்துளைகளில் பதியும் வெப்பநிலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் தேறிவருவதை அறிந்து நிம்மதியடைந்தேன். செயற்கைக்கோள்கள் பூமி முழுவதையும் ஓயாமல் கண்காணிக்கும் காலத்தில், நிரந்தர உறைபனி நிலத்தில் துளையிட்டு வெப்பநிலை அளப்பது இன்னும் தேவைதானா என்று கேட்டிருந்தீர்கள். முன்னெப்போதையும்விட இப்போதுதான் தேவை என்பதே என் உறுதியான எண்ணம்.

செயற்கைக்கோளுக்கு எட்டுவது நிலத்தின் மேற்பரப்பு. தொடர்ந்து 2 ஆண்டுகளேனும் 0 டிகிரி செல்சியசுக்கு மேலே போகாத நிலத்தையே நிரந்தர உறைபனி என்கிறோம். கோடைதோறும் இளகி மீண்டும் உறையும் மேலடுக்குக்கு அடியில் அது கிடக்கிறது. அதன் வெப்பநிலையை நேரடியாக அறிய, ஆழ்துளையில் உணரிகளை இறக்குவதே வழி. கோடை, குளிர்காலங்களின் ஏற்ற இறக்கம் பல இடங்களில் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் அடங்கிவிடுவதால், அங்கே பதிவாகும் சிறு உயர்வும் பல ஆண்டுகளின் போக்கையே காட்டுகிறது.

2007 முதல் 2016 வரை உலகெங்கும் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஆய்வு, உறைநிலம் சராசரியாக 0.29 டிகிரி வெப்பமடைந்ததாகக் கண்டது. இடைவெளியின்றிப் பரந்த கடுங்குளிர் உறைநிலத்தில் உயர்வு 0.39 டிகிரி, திட்டுத்திட்டாக அமைந்த, முன்பே சற்று வெப்பம் மிகுந்த உறைநிலத்தில் 0.20 டிகிரிதான். இதை வைத்துப் பின்னது பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவது பெரும்பிழை. காற்றின் வெப்பத்துக்கும், குளிர்காலத்தில் நிலத்தின் சூட்டை வெளியேறவிடாத பனிப்போர்வைக்கும் இந்த வெப்ப உயர்வில் பங்குண்டு. ஆயினும் 0 டிகிரியை நெருங்கிய நிலத்தில் நுழையும் வெப்பத்தின் பெரும்பகுதி, வெப்பநிலையை உயர்த்தாமல் பனிக்கட்டியை உருக்கும் உள்ளுறை வெப்பமாகவே செலவாகிறது. உணரி காட்டும் அளவு மாறாமல் நிற்கும் ஆண்டுகளிலேயே உள்ளே பனி கரைந்து, நிலம் தன் வலிமையை இழந்துகொண்டிருக்கலாம். ஆகவே வெப்பநிலையோடு, ஆண்டுதோறும் இளகும் மேலடுக்கின் தடிமனையும் சேர்த்தே அளக்கிறார்கள்.

இந்த இளகலைக் கண்காணிப்பது ஏன் முக்கியம் என்றால், இந்த நிலங்களில் புதைந்துள்ள கரிமம் வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது இந்த அளவீட்டின் நீண்ட வரலாறு. சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரில் ஷெர்கின் என்ற வணிகர் நீர் தேடி 1828 முதல் 1837 வரை தோண்டிய கிணறு 100 மீட்டரைக் கடந்தும் உறைந்த மண்ணிலேயே நின்றது. 1840களில் மிடென்டோர்ஃப் என்ற இயற்கையியலாளர் அதற்குள் வெப்பநிலையை அளந்தார். சுவிட்சர்லாந்தின் கோர்வாட்ச் மலைத்துளை 1987 முதல் பதிவு தருகிறது. ஒரே துளையில், ஒரே ஆழத்தில், இடையறாமல் கிடைக்கும் இத்தகைய வரிசைதான் விலைமதிப்பற்றது; விட்டுப்போன ஆண்டின் அளவைப் பிறகு எவராலும் எடுக்க முடியாது. ஆர்க்டிக் உறைநிலத்தின் பெரும்பங்கு ரஷ்யாவில் இருக்க, 2022க்குப் பின் அந்நாட்டு ஆய்வாளர்களுடனான கூட்டுப்பணி பெரிதும் தடைப்பட்டிருப்பது எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது. செயற்கைக்கோள் தரவிலிருந்து நிலத்தடி வெப்பநிலையைக் கணிக்கும் மாதிரிகளைச் சரிபார்ப்பதற்கும் இந்தத் துளைகளின் அளவுகளே வேண்டியிருக்கின்றன என்பதையும் தாங்கள் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்