ஏப்ரல் 9 அன்று கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

1942ல் இந்தக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் செத்தவர்களுக்குப் பூப் போட, அன்று விடியற்காலை மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரைக்கு வந்தவர்களுக்கும், வள்ளத்தில் கூட ஏறியவர்களுக்கும், வர முடியாமல் பூவை மட்டும் கொடுத்தனுப்பியவர்களுக்கும் இந்த மடல். வீடு வீடாக வந்து சொல்வதுதான் முறை. முழங்கால் விடுகிறதில்லை, மன்னியுங்கள்.

முதல் நன்றி வள்ளக்கார அண்ணாவுக்கு. மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனீர்கள், காசும் வாங்கவில்லை. ஐந்து கடல் மைல் போனதும் கரையைத் திரும்பிப் பார்த்து, முகத்துவாரத்து வெளிச்சவீட்டை வைத்துக் கணக்குப் பிடித்து, "இதுக்குக் கீழதான் அக்கா" என்று எஞ்சினை நிற்பாட்டினீர்களே, அந்தச் சத்தம் நின்ற நேரம் இன்னும் காதில் இருக்கிறது. கூடையிலிருந்த தாமரையை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தீர்கள். முதல் பூ வள்ளத்தை ஒட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது.

அங்கே கீழே ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இடப்பக்கம் சாய்ந்து கிடப்பது ஹேர்மிஸ். பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல். ஜப்பானியர் தாக்க வருகிறார்கள் என்று அறிந்து முதல் நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. துறைமுகத்துக்குத் திரும்பிப் போகும் வழியில், 1942 ஏப்ரல் 9 காலை, மட்டக்களப்புக்கு நேரே குண்டுவீச்சு விமானங்களிடம் அகப்பட்டது. விமானம் தாங்கும் அந்தக் கப்பலில் அன்று ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில் நின்றன. அரை மணி நேரத்துக்குள் மூழ்கிவிட்டது. கப்டனோடு சேர்த்து 307 பேர் செத்தார்கள். உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானவர்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தது வீட்டா என்ற மருத்துவக் கப்பல். கப்பல் கிடக்கும் விதத்தையும், மேலே பாசி படர்ந்திருப்பதையும் கையால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்திய சுழியோடித் தம்பிமாருக்கும் நன்றி.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "எங்களை ஆண்ட வெள்ளைக்காரனுக்கு நாங்கள் ஏன் பூப் போட வேணும்?" ஐயா, உங்களுக்கும் நன்றி. அந்தக் கேள்வி எனக்குள்ளும் கிடந்ததுதான். அன்று கடற்காற்றில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

1939ல் பிரித்தானியா போர் என்று அறிவித்ததும் இலங்கையும் போருக்குள் போனது. எங்கள் அப்பாமாரை யாரும் கேட்கவில்லை. ஹிட்லரை நிறுத்தத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடலில் நடந்த சண்டைக்குத் திருகோணமலைத் துறைமுகமும் காரணம், றப்பரும் காரணம். மலாயாவும் சிங்கப்பூரும் கைவிட்டுப் போனபின் நேச நாடுகளுக்கு இலங்கை றப்பர்தான் பெரிய கைகொடுப்பு. ஜப்பான்காரனும் ஆசியா ஆசியருக்கே என்று சொல்லிக்கொண்டு எண்ணெய்க்கும் றப்பருக்கும்தான் வந்தான். இது சாம்ராச்சியத்துக்கான போர் என்று சொன்ன என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரித் தலைவர்களை 1940லேயே சிறையில் போட்டார்கள். கப்பல் மூழ்கிய அதே 1942ல், இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த இலங்கைப் படைவீரர்கள் மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த மூவருக்கும் மூன்று பூ தனியாகப் போட்டேன் ஐயா, நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது.

போரைத் தொடங்கியவர்கள் கப்பலின் அடித்தட்டில் நிற்கவில்லை. நின்றவர்கள் இருபது வயதுப் பொடியன்மார். பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டு ஓடாமல் கடைசிவரை பீரங்கியடியில் நின்றவனுக்கு நான் போடும் பூ, அவனை அனுப்பியவனுக்குப் போடும் மாலை ஆகாது. இதை எனக்குப் படிப்பித்தது என் தம்பிதான். 1990ல் ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்கென்று வீட்டை விட்டுப் போனான், பதினெட்டு வயது. எந்த மண்ணில் கிடக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. "அந்தப் போர் ஏன் அப்படிப் போனது?" என்று கேட்டால், செத்தவனை அவமதிக்கிறாய் என்று என் வாயை அடைத்தவர்கள் இருக்கிறார்கள். அவனை நினைப்பதால்தான் கேட்கிறேன். 2004ல், இதே ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, விடுதலைப் புலிகள் இரண்டாகப் பிரிந்து, வெருகல் ஆற்றங்கரையில் எங்கட பிள்ளைகளே எங்கட பிள்ளைகளைச் சுட்டார்கள். எதற்காக என்று அந்தத் தாய்மாருக்கு யார் பதில் சொன்னார்கள்?

அம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மாவுக்கு என் நன்றியை மருமகள் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பாள். பொலித்தீனில் சுற்றி மகனின் படத்தைக் கொண்டுவந்திருந்தா, இராணுவச் சீருடையோடு. 2007ல் வாகரைப் பக்கத்துச் சண்டையில் உயிர் போன பிள்ளை. படத்தை என் மடியில் வைத்துவிட்டு, கொஞ்சத் தமிழில், "வீடு கட்டக் காசு வேணும் எண்டு போனவன்" என்றா. எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. தேநீரை அவவின் கையில் கொடுத்தேன். வள்ளத்தில் ஏறப் பயந்து கரையிலேயே இருந்தா, அவவின் பூவை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.

இரண்டே வரியில் செபத்தை முடித்த ஃபாதருக்கும், நாவலடியிலிருந்து பூக் கட்டித் தந்த பெண்களுக்கும், கொடியோ பதாகையோ வேண்டாம் என்று நான் சொன்னதும் முகம் சுளிக்காமல் சுருட்டி வைத்த இளைஞர்களுக்கும் நன்றி. தேநீர் போதாமல் போனது என் பிழை. வருகிற வருடம் பெரிய கேத்தில் வைப்பேன்.

வள்ளக்கார அண்ணா, பூக்கூடை நனையாமல் மூடித் தந்த உங்கட சாரம் எங்கட வீட்டில் இருக்கிறது. தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் மருமகன் கொண்டுவந்து தருவார்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் அக்கா